அண்ணன் எடுத்து வந்த புடவை

கீதப்பிரியன் இறந்துவிட்டார் என்று டி.வி.யில் சொன்னபோது ஆதிலட்சுமி ஒரு புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தீபலட்சுமிதான் ஓடிவந்து சொன்னாள்.

"பெரிம்மா, நம்ம கீதப்பிரியன் போயிட்டாராம்!" என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நைட்டிமேல் போட்டிருந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். ஆதிலட்சுமி எழுந்துபோய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழாதடி. வயசாயிடுச்சி, போயிட்டாரு. நாம என்னா பண்ண முடியும்?" என்று ஆறுதலும் சொன்னாள்.

செத்தது ஆதிலட்சுமியின் புருஷன்.

அவள் குடியிருந்த கருவடிக்குப்பத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூட இது தெரியாது. அந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளில், வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களிடம், "பிரான்சுல மிலிட்டரியில இருக்காரு. பேப்பர் வந்ததும் கூப்பிட்டுக்குவாரு" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். வேறு ஊராக இருந்தால் நாலு பேர் துருவியிருப்பார்கள். புதுச்சேரியில் யார் துருவப்போகிறார்கள்? தெருவுக்கு ஒரு பிரான்சு மாப்பிள்ளை இருக்கிற ஊர். கொஞ்ச வருஷம் கழித்து, அவன் அங்கே ஒரு வெள்ளைக்காரியைச் சேர்த்துக்கொண்டிருப்பான் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்து, பாவம் பார்த்துக் கேட்பதை நிறுத்தினார்கள். ஊர் வாய் பாதி உண்மையை எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறது. ஆதிலட்சுமி மட்டும் பொட்டு வைத்து, பூ வைத்து, ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அன்று முழுக்க எல்லாச் சேனலிலும் அவன்தான். மீனவக் குடும்பத்தில் காசிலிங்கமாகப் பிறந்தது, சின்ன வயதிலேயே கோயில் திருவிழாக்களில் பாடியது, வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு பஸ் ஏறியது, முதல் படத்திலேயே படகோட்டியாக நடித்து, சொந்தக் குரலில் பாடி நாட்டையே ஆட்டிவைத்தது, தயாரிப்பாளர் மகளை மணந்தது, விருதுகள் வாங்கியது, வயதான பிறகு பாட்டுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து பிள்ளைகளோடு சேர்ந்து அழுதது என்று வரிசையாகச் சொன்னார்கள். கோயில் திருவிழாவுக்கும் சென்னை பஸ்ஸுக்கும் நடுவில் செய்தி வாசித்த பெண் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள். ஆதிலட்சுமியின் மூன்று வருஷக் குடும்ப வாழ்க்கை அந்த ஒரு நொடிக்குள் போய்விட்டது.

பழைய பேட்டி ஒன்றையும் போட்டார்கள். உங்கள் பாட்டை முதலில் கேட்டு ரசித்தது யார் என்று கேட்டதற்கு, "கடல்" என்று சொல்லிவிட்டு அழகாகச் சிரித்தான்.

கடலாம்! மைக் வாங்க வக்கில்லாமல், காலிக் குடத்துக்குள் முகத்தை விட்டுப் பாடி, தன் குரல் எப்படி இருக்கிறது என்று தானே கேட்டுப் பார்ப்பான். குருசுக்குப்பத்து ஒண்டிக்குடித்தன அறையில் அந்தக் குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது கடலா, இவளா? இழுத்து விடுகிற அந்தக் கடைசி அடி, ரசிகர்கள் விசில் அடிக்கிற அந்த இழுப்பு, அவள் சொல்லித்தான் வந்தது. "சட்டுனு முடிக்காத, கொஞ்சம் இழு" என்று அவள் ஒரு நாள் சொன்னாள், அவன் இழுத்தான். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் முதலியார்பேட்டைக்காரி. அப்பாவுக்கு நிலம் நீச்சு உண்டு. திருவிழாக் கச்சேரிக்கு வந்த மீனவர் வீட்டுப் பையனின் குரலில் சொக்கிப்போய், வீட்டுக்குத் தெரியாமல் புறப்பட்டுப் போனாள். மயிலம் முருகன் கோயிலில் மஞ்சள் கயிற்றால் தாலி கட்டினான். அப்பா தலைமுழுகிவிட்டார். அண்ணன் புருஷோத்தமன் மட்டும், அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன், உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு சும்மா இருந்தான்.

காசிலிங்கம் சென்னைக்குப் போனபின் முதலில் வாரம் தவறாமல் வந்தான். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. பிறகு பொங்கலுக்கு மட்டும். ஒரு நாள் காரில் வந்து இறங்கி, அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். தயாரிப்பாளர் மகளைக் கட்டாவிட்டால் அடுத்த படம் இல்லை, படம் இல்லாவிட்டால் பாட்டும் இல்லை, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், நான் வந்துவிடுவேன் என்றான். அவள் நம்பினாள். அந்தக் குரலில் யார் எதைச் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும்.

கல்யாணப் படம் பேப்பரில் வந்த மறுநாள், புருஷோத்தமன் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு குருசுக்குப்பத்துக்கு வந்தான். ஓடிப்போன தங்கையைப் பார்க்க அவன் வந்தது அதுதான் முதல் தடவை. "மயிலத்துல தாலி கட்னான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு ஆதி. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஆதிலட்சுமி தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, "தாலியா? அப்பிடியெல்லாம் ஒண்ணும் நடக்கலியே" என்றாள்.

கேஸ் என்று வந்தால் அவன் பாட்டு நின்றுபோகும். அந்தப் பயத்தில் சொன்ன வார்த்தை அது. வக்கீல் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். புருஷோத்தமன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். "அப்ப இத்தினி நாளு சும்மாவா இருந்த?" என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். அதன்பிறகு அவளைத் தேடி வரவில்லை. காசிலிங்கமும் வரவில்லை. அவன் பாட்டு மட்டும் டீக்கடை, பஸ், கல்யாண மண்டபம் என்று அவள் போகிற இடமெல்லாம் வந்துகொண்டிருந்தது.

இப்போது அவன் செத்துப்போய், முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் ஆளுயரக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். ஆட்டோக்காரர்கள் மாலை போட்டார்கள். ஊரே வாய்விட்டு அழுதது. கட்டிய பெண்டாட்டி மட்டும் காய்கறிப் பையோடு அந்தப் பேனரைத் தாண்டிப் போனாள். நின்று பார்க்கக்கூடப் பயமாக இருந்தது.

அவளுக்கு அவன் சொத்து வேண்டாம், டி.வி.யில் தன் பெயரும் வேண்டாம். ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. புருஷன் செத்தால் பதினாறாம் நாள் காரியத்தில் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரும். அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து அவள்மேல் போர்த்துவான். எந்தப் பெண்ணும் வந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிற புடவை அது. ஆனால் தாலி கட்டியவளுக்குத்தான் அது வரும், சேர்ந்து இருந்தவளுக்கு வராது. அந்தக் கோடி தன் தோளில் விழ வேண்டும் என்று ஆதிலட்சுமி ஏங்கினாள். அதைப் போட வேண்டிய ஒரே ஆளிடம்தான் கல்யாணமே நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

நாலு நாள் யோசித்துவிட்டு டெம்போ ஏறி முதலியார்பேட்டைக்குப் போனாள். தெரு அடையாளமே மாறியிருந்தது, விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தாள். புருஷோத்தமன் தலை முழுக்க நரைத்து, நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் கீதப்பிரியன் பாட்டுதான். அவளைப் பார்த்ததும் டி.வி.யை அணைத்தார். மருமகள் மாலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "யாரு மாமா இவங்க?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சவங்க. நீ உள்ள போம்மா."

ஆதிலட்சுமி தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "அண்ணா, அவரு போயிட்டாரு" என்றாள்.

"எவரு?"

புருஷன் பெயரைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அணைந்து கிடந்த டி.வி.யைக் கையால் காட்டினாள்.

"ஊரே அழுவுது. நீயும் ஒரு மூலையில ஒக்காந்து அழு. யாரு வேணான்னது?"

"காரியத்தன்னிக்கு நீ வந்து எனக்குக் கோடி போடணும்ணா."

புருஷோத்தமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வக்கீல பக்கத்துல வச்சிக்கினு கேட்டனே, அன்னிக்கு என்னா சொன்ன நீ?"

"பொய் சொன்னேன்."

"நல்லா சொன்ன. கல்யாணம் ஆவாம குடும்பம் நடத்துனவளுக்கு அண்ணன்டான்னு நான் வேல செஞ்ச மில்லுல என் காதுபடவே பேசினானுங்க. நம்ம அப்பா சாவற வரைக்கும் தெருவுல எறங்கல. ஒரு வார்த்த ஆதி. ஒரே ஒரு வார்த்த ஒன்ன கேட்டேன்."

"தப்புதாண்ணா. யாருக்கும் தெரிய வேணாம், கதவ சாத்திக்கினு போட்டுட்டுப் போ. அவரு எனக்குப் புருஷன்னு இந்த ஒலகத்துல ஒரு ஆளாவது ஒத்துக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள். செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து, "எங்க இருக்க இப்ப?" என்று குரல் வந்தது. திரும்பாமலே சொன்னாள். திரும்பினால் அழுதுவிடுவாள் என்று தெரியும்.

விலாசம் கேட்டாரே! அதையே பிடித்துக்கொண்டு மீதி நாட்களை ஓட்டினாள்.

காரியத்தன்று காலையிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். டி.வி.யில் சென்னை பங்களாவைக் காட்டினார்கள். தயாரிப்பாளர் மகளுடைய அண்ணன் தம்பிகள் தட்டுத்தட்டாகப் புடவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த அம்மாளின் முகத்தைக் காட்டவில்லை. அவள்மேல் ஆதிலட்சுமிக்கு எப்போதும் கோபம் வந்ததில்லை, அன்று மட்டும் பொறாமையாக இருந்தது. டி.வி.யை அணைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

வெயில் ஏறிய பிறகு புருஷோத்தமன் வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. டெம்போ ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பையைப் பார்த்ததும் ஆதிலட்சுமி எழுந்துவிட்டாள். வந்துவிட்டான். என் அண்ணன் வந்துவிட்டான்.

"ஒரு தட்டு எடுத்தா" என்றார். கொண்டுவந்து வைத்தாள். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். அரக்குச் சிவப்பில் ஜரிகை போட்ட பட்டு. ஒரு பந்து மல்லிகை. குங்குமச் சிமிழ். டஜன் கண்ணாடி வளையல்.

ஆதிலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. "இது என்னாண்ணா?"

"சீரு. அன்னிக்கு நீ சொல்லாம போயிட்ட. அதான் குடுக்க முடியல."

"நான் கேட்டது கோடி."

"கோடி போட மாட்டேன்." தட்டை அவள் பக்கம் தள்ளினார். "ஒன் வாயாலயே பொய் சொல்ல வச்சிட்டு, அங்க போயி மாளிக கட்னவன். அவனுக்கா நீ தாலி அறுக்கப் போற? அவனுக்காவ ஒரு பொட்டுகூட அழிக்கக் கூடாது நீ. நான் உசுரோட இருக்கற வரைக்கும் என் தங்கச்சி மேல கோடி விழாது. எழுந்திரு. இதக் கட்டிக்கினு கெளம்பு. மாலா கிட்ட சொல்லிட்டேன், என் தங்கச்சி வரான்னு. சோறாக்கி வச்சிக்கினு காத்துக்கினு இருக்கா."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. துடைக்கக்கூட இல்லை, குழந்தைபோல் உட்கார்ந்து அழுதார்.

ஆதிலட்சுமி அந்தப் பட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷக் கோபமும் பாசமும் சேர்ந்து அண்ணன் எடுத்து வந்த புடவை. மனசார எடுத்து வந்திருக்கிறார். வேண்டாம், எனக்குக் கோடிதான் வேண்டும் என்றால், அவனுக்காக அண்ணனை இரண்டாம் தடவை வாசலோடு அனுப்பியதாகிவிடும். கட்டிக்கொண்டால், காசிலிங்கத்துக்கு அவள் யாருமில்லை என்று இன்றோடு முடிவாகிப்போகும். கூடப் பிறந்தவன் வேண்டும், புருஷனும் வேண்டும் என்று அவள் மனது அடித்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்துத் தர அந்தத் தட்டில் இடமில்லை.

"அழாதண்ணா" என்றாள். "காப்பி போடறேன். குடிச்சிட்டுப் போலாம்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்பில் பாலை வைத்து, பொங்கியதும் இறக்கினாள். ஒரு சின்ன டம்ளரில் கொஞ்சம் பாலைத் தனியாக ஊற்றி, ஆறட்டும் என்று வைத்தாள். தாலியைக் கழற்றிப் பாலில் போடுவது வழக்கம். சுற்றி நாலு பெண்கள் கட்டிப்பிடித்து ஓவென்று அழ, அந்தச் சத்தத்தில் நடக்க வேண்டிய காரியம் அது. ஆதிலட்சுமி தானே கழுத்தில் கை வைத்து மஞ்சள் கயிற்றைத் தலைவழியாக எடுத்தாள். பாலில் விட்டாள். நெற்றிப் பொட்டைப் புறங்கையால் அழித்தாள். சுவரில் சாய்ந்து, கட்டியிருந்த பழைய புடவையின் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, ஒரு சத்தம் வெளியே போகாமல் புருஷனுக்காக அழுதாள்.

பிறகு முகம் கழுவினாள். பட்டைக் கட்டிக்கொண்டாள். வளையல் போட்டு, பூ வைத்து, குங்குமம் எடுத்துப் பொட்டு வைத்தாள். காப்பியை ஆற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

புருஷோத்தமன் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "இப்பதான் என் தங்கச்சியாட்டம் இருக்க" என்றார். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"என்னா ஆதி, பாலு கம்மியா இருக்கு?"

"இருந்தது அவ்ளோதாண்ணா" என்றாள்.