ஏழாவது ஸ்லைடு

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள். மூன்று வருஷம் பரணில் தூங்கிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, அரை மணியில் வேண்டும் என்பார்கள். அந்த அம்மா அப்படி இல்லை. முன்னால் வந்த இரண்டு பேர் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு பென் டிரைவை மேஜைமேல் வைத்தார்.

"இதுல ஒரு ஃபைல் இருக்குண்ணா. எங்கயும் திறக்க மாட்டேங்குது."

அவர் யாரென்று ஊருக்கே தெரியும். சாயத் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவர் பாய்லர் மேற்பார்வையாளர், இந்த அம்மாவின் கணவர். வால்வைக் கவனிக்காமல் விட்டது அவர்தான் என்று நிர்வாகம் கையைக் கழுவிவிட்டது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? மற்ற இருவரின் வீட்டாரும் இவர் தெருதான். இந்த அம்மா மளிகைக் கடைக்குள் நுழைந்தால் அவர்கள் பாதிச் சாமானோடு வெளியே போய்விடுவார்களாம்.

"வெடிக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே மேனேஜருங்களை உக்கார வெச்சு, வால்வு போச்சுன்னு படம் போட்டுக் காட்டினாருண்ணா. அதுதான் இது. அவர் கம்ப்யூட்டர் அங்கயே எரிஞ்சுபோச்சு. வீட்டுல இருந்தது இது ஒண்ணுதான். நாளைக்கு விசாரணை."

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. திறக்காத ஃபைல் என்று எவராவது சொன்னால் கை அரிக்கும். பென் டிரைவைச் செருகி அதிலிருந்தே திறந்து பார்த்தேன். புது மென்பொருள் இது என்ன ஜாதி என்றே தெரியாது என்றது. தொழிற்சாலையில் இருந்தது இருபது வருஷப் பழைய கம்ப்யூட்டர். அந்த மென்பொருளை விற்ற கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. பழைய ஃபைலைப் புது வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது, அதை ஓட்டினேன். ஸ்லைடுகள் வந்தன, எழுத்தெல்லாம் கோழி கிளறியதுபோல. பழைய எழுத்துரு. அதையும் தேடிப் பிடித்துப் போட்டேன்.

ஏழாவது ஸ்லைடில் துருப்பிடித்த வால்வின் படம். கீழே இரண்டே வரி: 'இதை மாற்றாமல் ஓட்டினால் வெடிக்கும். ஆட்கள் சாவார்கள்.'

இரண்டு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்த அம்மா சத்தமே இல்லாமல் அழுதார்.

விசாரணை அறைக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய எழுத்துரு எங்கே இருக்கப்போகிறது? அதனால் எல்லா வரியையும் புது எழுத்துருவில் நானே திரும்ப அடித்தேன், ஒரு புள்ளி மாறாமல். புது வடிவத்தில் சேமித்தேன். பிறகு கடை வழக்கப்படி பென் டிரைவைச் சுத்தமாக அழித்து, புது ஃபைலை மட்டும் ஏற்றினேன். இரண்டையும் வைத்துக் கொடுத்தால் ஜனங்கள் பழையதை அமுக்கிவிட்டு, திறக்கவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். பத்து வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. காசுகூட வாங்கவில்லை. பெரிய தர்மப் பிரபு மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் என்னையும் கூப்பிட்டார்கள். திரையில் ஏழாவது ஸ்லைடு நின்றது. நிர்வாகத்தின் வக்கீல் எதையோ அமுக்கினார். ஃபைலின் விவரம் வந்தது. உருவான தேதி: நேற்று, பிற்பகல். உருவாக்கியவர்: என் கடைப் பெயர்.

"இந்த ரெண்டு வரியையும் டைப் பண்ணது யாரு?"

"நான்தான் சார். ஆனா அவர் எழுதினதைப் பாத்துத்தான்..."

"அவர் எழுதினது எங்க?"

"அழிச்சுட்டேன் சார்."

பின்வரிசையில், செத்த மற்ற இருவரின் வீட்டாரும் உட்கார்ந்திருந்த பக்கம், யாரோ சிரித்தார்கள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார், அதற்கு மேல் அவருக்கு வேலை இல்லை. துருப்பிடித்த வால்வு எந்தப் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும் என்று விசாரணை அதிகாரி படத்தையும் தள்ளிவைத்தார். பென் டிரைவை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். மீட்கிற மென்பொருள் இருந்ததையெல்லாம் ஓட்டினேன். ஒன்றும் மிஞ்சவில்லை. குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்துவிட்டார் அந்த அம்மா, வேறென்ன சொல்ல.

திரும்பிப் போனபோது அவர் விசாரணை அறைக்கு வெளியே படியில் நின்றிருந்தார். விசாரணை முடிவிலும் மாற்றம் இல்லை. மூன்று சாவுக்கும் அவர் கணவரின் அஜாக்கிரதையே காரணம். நாலு வார்த்தை திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணா, நீங்க படிச்சீங்கல்ல? அவர் எழுதினதை?"

"படிச்சேம்மா."

"எங்க தெருவுக்கு வந்து அந்த ரெண்டு வீட்டுல மட்டும் சொல்றீங்களா?"

உடனே போனோம். முதல் வீட்டில் செத்தவனின் அம்மா கதவைத் திறந்தார். நான் சொன்னதையெல்லாம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து அதை டைப் அடிச்சுக் குடுத்தவன் நீதானேப்பா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.