இறவாணத்துச் சட்டிகள்

பக்கத்து வயலில் செப்புச் சிலைகள் கிடைத்திருந்ததால், துரைக்கண்ணு கட்டும் கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது தொல்லியல் துறை ஆள் ஒருவர் உடன் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நிற்கப் போனது நான். திருவிடைமருதூருக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய அந்த வயல் எனக்குப் புதிதல்ல. என் அண்ணன் கோவிந்தராசு பிறந்தது அங்கேதான்.

அதை நிரூபிக்கத்தான் வழியில்லை. குடியிருக்கும் மனை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தம் என்று எழுபத்தொன்றில் சட்டம் வரப்போவது தெரிந்ததும், துரைக்கண்ணுவின் அப்பா எங்கள் குடிசைகளைப் பிரித்துப் போட்டு அதன்மேல் ஏர் ஓட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் தெரு வாய்க்கால் புறம்போக்கில் கிடக்கிறது. என் அப்பா வீரையன் மனு மேல் மனு போட்டார். அங்கே யாரும் குடியிருந்த அடையாளம் இல்லை என்றே பதில் வந்தது. இனி கான்கிரீட் விழுந்துவிட்டால் அடையாளம் என்ற பேச்சே எழாது.

இதையெல்லாம் என் அதிகாரியிடம் சொன்னேன். "சாமி சிலை வந்தா நிறுத்தும்மா. மத்தது நமக்கு எதுக்கு?" என்றார்.

துரைக்கண்ணு கட்சிக்கரை வேட்டியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வீரையன் மவ அம்சவல்லிதானே நீ? சாமி வந்தா கும்பிட்டுக்க. சட்டி பானைக்கெல்லாம் வண்டிய நிறுத்தாத."

"எது வந்தாலும் நிறுத்துவேங்க."

"ஒங்கப்பன் மாதிரியே பேசுற."

"அவரு இன்னும் சத்தமாப் பேசுவாரு."

மண் அள்ள வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எல்லோரும் எங்கள் தெரு. ரெங்கம்மாள் மட்டும் வாயைப் பொத்தாமலே சிரித்தாள்.

ஜேசிபி ஓட்டும் யூனுஸிடம், வாளியின் பற்களுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை பற்றவைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பல் மண்ணைக் கிழிக்கும், பட்டை சீவும். தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல அவன் சுரண்டிக்கொண்டே போனான். கறுப்பு வயல் மண்ணுக்கு அடியில் மெழுகிய தரை தெரிந்தது. அதன் ஓரத்தில், கூரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அரித்த நீளமான பள்ளம். கூரையின் அந்த விளிம்பைத்தான் இறவாணம் என்போம். பள்ளத்தை ஒட்டி, மூடி போட்ட சிறு சட்டிகள் வரிசையாக இருந்தன.

நான் கையைத் தூக்குவதற்குள் துரைக்கண்ணு ஓடி வந்தார். "நிறுத்துடா யூனுசு!"

அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. நிலச் சண்டைக் காலத்தில் நகைகளைச் சட்டியில் போட்டு வயலில் புதைத்தார்கள் என்று இந்தப் பக்கத்து மிராசு வீடுகளில் ஒரு கதை உண்டு. ரெங்கம்மாள் என்னைப் பார்த்தாள். பொறு என்று கண்ணைக் காட்டினேன். அவரே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பொதையல்னா சர்க்காருக்குப் போயிடுமே முதலாளி," என்றான் யூனுஸ்.

"நூறு வருஷத்துப் பழசுன்னாத்தான்டா போவும். இது எங்கப்பா பொதைச்சது. கூப்புடு வி.ஏ.ஓ.வ."

வி.ஏ.ஓ. ரெத்தினம் பைக்கில் வந்தார். துரைக்கண்ணு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "எழுபதுல எங்கப்பா தன் கையால பொதைச்சது சார். சின்னப் புள்ளை நான், பக்கத்துல நின்னு பாத்தேன். எழுதிக்குங்க."

"அதுக்கப்புறம் யாரும் தொடலீங்களா?" என்று கேட்டேன்.

"என் நெலத்துல எவன் தொடுவான்?"

ரெத்தினம் எழுதிக்கொண்டார். நான் குழிக்குள் இறங்கி முதல் சட்டியின் மூடியை எடுத்தேன். உமியும் கரிய மண்ணும். அடுத்ததிலும் அதுவே. துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?" என்றார் ரெத்தினம்.

"நஞ்சுக்கொடிச் சட்டிங்க. புள்ளை பொறந்ததும் உமியோட வச்சு, எறவாணத் தண்ணி விழற எடத்துல பொதைக்கிறது எங்க தெரு வழக்கம். காஞ்சா தாய்க்குப் பால் வத்திடும்பாங்க."

ரெங்கம்மாளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "ஒங்கப்பா தன் கையாலயா பொதைச்சாரு? அவருக்குப் பிரசவம்கூடப் பாக்கத் தெரியுமாங்க?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. துரைக்கண்ணு கத்தினார்: "மூடுடா! வண்டிய எடு!"

"மேடம் குழியில நிக்கிறாங்களே," என்றான் யூனுஸ்.

"ஏறு மேல!"

"ஏற மாட்டேன்."

ரெத்தினம் தணிந்த குரலில் சொன்னார்: "நூறு வருஷம் ஆவலேன்னா ஒங்க துறைக்கு இது வேண்டாமேம்மா."

"துறைக்கு வேண்டாங்க. எங்களுக்கு வேணும். எழுபதுல உள்ளதுன்னு அவரே சொல்லிட்டாரு. வீடு இல்லாத எடத்துல எறவாணம் ஏதுங்க? புள்ளை ஏது?"

"அடிச்சுட்டு வேற எழுதுங்க சார்," என்றார் துரைக்கண்ணு.

ரெங்கம்மாள் மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கி என் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். தரையை மிதித்துவிடாமல் ஒதுங்கி நின்றார்கள். யூனுஸ் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

"இத்தனை பேரு முன்னாடி எப்படிங்க அடிக்கிறது?" என்றார் ரெத்தினம். பேனாவை மூடிப் பையில் செருகினார்.

துரைக்கண்ணு யாருக்கோ போன் போட்டபடி காரை நோக்கி நடந்தார். யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் வந்தாலும் இதை அளந்து வரைந்து முடிக்காமல் நான் ஏறப்போவதில்லை. அளவு நாடாவைப் பிரித்து ஒரு நுனியை ரெங்கம்மாளிடம் கொடுத்தேன்.

"எங்கேருந்து புடிக்க?" என்றாள்.

"வாசல்லேருந்து," என்றேன்.