நனைந்த எரிமலை

ருக்கியாவும் சந்திரிகாவும் ஆறாம் ஆண்டிலிருந்து ஒரே வாங்கில் உட்காருகிறவர்கள். நாவலப்பிட்டியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி எங்கே என்று தெரிய வேண்டுமானால் மற்றவளைக் கேட்டால் போதும். பத்தாம் ஆண்டில் அந்தச் சோடியைப் பிரித்தவர் புவியியல் படிப்பிக்கும் சுவர்ணா டீச்சர். எரிமலை வகைகளைக் காகிதத்தில் செய்யச் சொல்லி, இரண்டிரண்டு பேராகப் பெயர் வாசித்தார். ருக்கியாவோடு, கண்டியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஷாமலா. சந்திரிகாவோடு நிரோஷா.

ருக்கியாவுக்கும் ஷாமலாவுக்கும் கூட்டு எரிமலை கிடைத்தது. சாம்பலும் குழம்பும் அடுக்கடுக்காகப் படிந்து செங்குத்தாக எழும்புவது. சந்திரிகாவுக்கு வந்தது கேடய எரிமலை. அதன் குழம்பு தண்ணீர் மாதிரி ஓடிப் பரவிவிடும், செங்குத்தாக எழும்பாது. எத்தனை பத்திரிகைத் தாளைக் கிழித்து ஒட்டினாலும் கவிழ்த்த தட்டாகவே கிடந்தது.

"ரொட்டி சுடுற தாச்சி மாதிரியே இருக்குடி," என்று நிரோஷா சிரித்தாள்.

சந்திரிகாவின் கண்ணோ பக்கத்து மேசையில் இருந்தது. ருக்கியா கூம்பைப் பிடித்துக்கொள்ள, ஷாமலா சிவப்புத் தாளை ஒட்டினாள். ஏதோ குசுகுசுத்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தனக்கு மட்டுமே உரியது என்று சந்திரிகா நினைத்திருந்தாள்.

பள்ளிக்கூடம் விடும்போது வானம் கறுத்திருந்தது. ஜன்னல் சாத்துவது அன்று சந்திரிகாவின் முறை. ஒவ்வொன்றாகச் சாத்தினாள். கூட்டு எரிமலை காய்ந்துகொண்டிருந்த மேசைக்கு நேரே இருந்த ஜன்னலில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கூம்பின் உச்சி இரவு மழையில் ஊறி உள்ளே விழுந்து கிடந்தது. ருக்கியா அழுதேவிட்டாள். ஷாமலா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"டீச்சர், இது இப்ப கல்டெராதானே?"

சுவர்ணா டீச்சரின் முகம் மலர்ந்தது. "அதேதான்! உள்ளுக்குள்ள இருக்கிற குழம்பு வெறுமையானா உச்சி இப்பிடித்தான் இறங்கும். எல்லாரும் வந்து பாருங்க!"

வகுப்பே அந்த மேசையை மொய்த்தது. கண்காட்சிக்கு இதையே அனுப்பலாம் என்றார் டீச்சர். ருக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷாமலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சந்திரிகாவால் தாங்க முடியவில்லை.

"அது ஒண்ணும் தானா விழல. நான்தான் ஜன்னலச் சாத்தாம விட்டேன்!"

ருக்கியா திரும்பினாள். "மறந்துதானே விட்ட?"

ஆமாம் என்றால் முடிந்திருக்கும். "இல்ல. வேணும்னுதான்."

"கோவமெண்டா எனக்கு ஏசியீக்கலாமே புள்ள. ஷாமலா ஒனக்கு என்ன செஞ்ச?"

ருக்கியா தன் பையை எடுத்துக்கொண்டு போய் ஷாமலாவின் வாங்கில் உட்கார்ந்தாள். எதை நினைத்து நேற்றெல்லாம் வெந்தாளோ, அதைச் சந்திரிகாவே செய்து முடித்திருந்தாள்.

டீச்சர் ஏசியது அவள் காதில் பாதிதான் ஏறியது. இடைவேளைக்குப் பிறகு நிரோஷா பசைக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நம்மளோடதுல ஒரு பக்கம் இன்னும் ஒட்டல. தாளக் கிழிச்சுத் தா."

சந்திரிகா கிழித்துக் கொடுத்தாள். முன்வாங்கில் ருக்கியா இப்போது சிரிக்கவில்லை. எப்போது சிரிப்பாளோ என்று இவள் காது மட்டும் அங்கேயே கிடந்தது.