சொக்கிக்கு இரண்டு கதவு

இசக்கிபாண்டிக்குக் கதவென்றாலே பயம். ஒரகடத்தில் அறை எடுத்த புதிதில் ஒரு ஜோடி காக்கடீல் கிளி வாங்கினான். கதவு திறந்திருந்த ஒரு நிமிஷத்தில் ஒன்று பறந்துபோனது. மிஞ்சியது சொக்கி. தலையில் மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்பொட்டு. இதையாவது காப்பாற்றுவோம் என்று ஜன்னலை அடைத்தான். நண்பர்களைக்கூட உள்ளே விடுவதில்லை.

அந்தச் சொக்கிதான் இப்போது தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. தினையைத் தொடுவதில்லை.

சனிக்கிழமை வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோனான். கால்நடை டாக்டர் புரட்டிப் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்லையே. பகல்ல எங்க வைக்கிறீங்க?"

"ரூம்லதான் சார். ரெண்டு மாசமா நைட் ஷிப்ட். பகல்ல நான் தூங்கணும்லா, கூண்டு மேல போர்வையப் போட்டு மூடிருவேன்."

"ராத்திரி?"

"லைட்ட அணைச்சுப் பூட்டிட்டு வேலைக்கு..."

சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் திட்டவில்லை. "ரெண்டு மாசமா இதுக்கு விடியவே இல்லப்பா. கூட்டமா வாழ்ற ஜீவன். வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் இல்லாம ரொம்ப நாள் தாங்காது."

அவன் வீடு திரும்பியபோது கீழ்வீட்டு ஷெர்லின், வலையில்லாத கிரில் வராந்தாவில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள்.

"இன்னா தம்பி, மூஞ்சி தொங்கிப்போய்க் கீது?"

விஷயத்தைச் சொன்னான்.

"இவ்ளோதானா? பகல்ல என்னாண்ட வுட்டுட்டுப் போ. நாலு பேரு வந்து போற வூடு."

"அதாங்க்கா பயமே. நாலு பேரு வந்தா நாலு தடவ கதவு திறக்கும்லா."

ஷெர்லினின் கணவர் சாம்சன் கார் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருப்பவர். டீயை ஊதியபடியே சொன்னார்: "எங்க பெயின்ட் ஷாப்ல தூசி நுழையக் கூடாதுன்னு ரெண்டு கதவு. ஒண்ண மூடினாத்தான் இன்னொண்ணு தொறக்கும். தூசியே தாண்டாது, உன் கிளியா தாண்டும்?"

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்த சாம்சன், கோயில் சட்டையைக்கூட மாற்றாமல் கிரில் முழுக்கக் கம்பிவலை அடித்தார். வாசலுக்கு உள்ளே ஓர் ஆள் நிற்க இடம் விட்டு இன்னொரு வலைக்கதவு வைத்தார். மேலே சுற்றும் மின்விசிறியின் வயரைக் கழற்றினார்.

"அக்கா, வேர்க்குமே?" என்றான் இசக்கிபாண்டி.

"எனக்கு வேர்த்தா தொடச்சிக்குவேன். அதுக்கு றெக்க வெட்டுப்பட்டா ஒட்டவா முடியும்?"

திங்கட்கிழமை அவன் தூங்கவில்லை. காவல்காரன் மாதிரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தான். திறந்துவிட்ட கூண்டுக்கு வெளியே வரப் பயந்து சொக்கி மூலையில் ஒண்டிக்கிடந்தது.

பத்து மணிக்கு, ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த பிரவீனா பறந்து வந்தாள். "ஷெர்லினக்கா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு!" வெளிக்கதவைத் திறந்துபோட்டுவிட்டு உள்கதவில் கை வைத்தாள்.

"மொதல்ல அத்த மூடு!" தைத்த துணி வாங்கக் காத்திருந்த மூன்று பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பிரவீனா மிரண்டுபோய் மூடினாள். "இது இன்னா வூடா, பேங்க் லாக்கரா?"

எல்லாரும் சிரித்தார்கள். சொக்கியின் கொண்டை மெல்ல நிமிர்ந்தது. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வதுபோல ஒரு சீட்டி அடித்தது. இரண்டு மாதத்தில் முதல் சத்தம். பிறகு இறங்கி வந்து தினையைக் கொறித்தது.

இசக்கிபாண்டி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இசக்கியம்மனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

இரண்டு வாரம் போனது. சொக்கியின் நெஞ்சில் ஊசிமுனை போல இறகுக் குருத்துகள் எட்டிப்பார்த்தன. ஒரு மாலை, வழக்கம்போல அதை மேலே எடுத்துப்போக வந்தான். அது ஷெர்லினின் தோளில் உட்கார்ந்து அளவு நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தது. விரலை நீட்டினான். சொக்கி அவனைப் பார்த்தது, வரவில்லை. சுருக்கென்றது அவனுக்கு. ஆனாலும் பிரியம் வைத்த உயிர் நன்றாக இருக்கும் இடமே அதற்கு வீடு. அதை ஒப்புக்கொள்ளும் மனசைக் கடவுள்தான் தர வேண்டும். அன்றைக்கு அவனுக்குத் தந்தார்.

"ராத்திரியும் இங்கனயே இருக்கட்டும்க்கா."

"அப்ப நீயும் நாளைலேருந்து ஷிப்ட் முடிஞ்சி நேரா இங்க வா. சாப்ட்டுட்டுப் போய்த் தூங்கு. ஒண்டியா பன்னு தின்னுகினு கெடக்காத."

"மீன் கொழம்பாக்கா?"

"ஆசையப் பாரு! ரசந்தான்."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ரசத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டு ஓடினான்.