மீசைக்குப் பக்க எண்

தமிழ்த் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டவள் நான். மூன்றாவது தடவையும் விட்டால் செவிலியர் பயிற்சிக்கு வயது தாண்டிவிடும். ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாகவே இருக்க வேண்டியதுதான். வார்டில் என் வாய்க்குப் பயந்து டாக்டர்களே ஒதுங்கிப் போவார்கள். ஆனால் தேர்வு என்று யாராவது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு தடவையும் வாய்மொழித் தேர்வில்தான் போனது.

வேலைக்குப் போகிறவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எங்களுடையது. இந்த வருடம் டீச்சர் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். நானூறு பக்கப் பழைய நாவலை மூன்று பேர் சேர்ந்து சுவர் முழுக்கப் படமாக்க வேண்டும். அத்தியாயத்துக்கு ஒரு கட்டம், பாத்திரத்துக்கு ஒரு நிறத்தில் கம்பளி நூல். இரண்டு பேர் சந்திக்கிற இடத்தில் நூல்களுக்கு முடிச்சு. எதை வரைந்தாலும் அது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அடியில் எழுதியாக வேண்டும். கடைசியில் வெளியிலிருந்து தேர்வாளர் வந்து அந்தச் சுவர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார். அதுதான் இந்த வருட வாய்மொழித் தேர்வு.

என் குழுவில் பஸ் ஓட்டும் தம்பி ஒருவர், மளிகைக் கடையில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி. டிரைவர் தம்பிக்குப் படம் நன்றாக வரும். தங்கச்சி நூலை எடுத்துக்கொண்டாள். ஒருவரும் சீந்தாத பக்க எண் வேலை என் தலையில் விழுந்தது.

நாவலில் மூன்று சகோதரர்கள் ஒரு வீட்டுக்காக அடித்துக்கொள்கிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்த வைத்தியர், கடைசித் தம்பியின் நொறுங்கிய காலைக் காப்பாற்றி, மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச விடுகிறார். டிரைவர் தம்பி அந்த வைத்தியருக்குக் காது வரைக்கும் மீசை வைத்தார். மயிர் மயிராக வரைந்ததில் இரண்டு ஞாயிறு போயிற்று.

மீசைக்குப் பக்க எண் தேடினேன். இல்லை. வைத்தியர் வருகிற பதினோரு இடங்களையும் விரல் வைத்துப் படித்தேன். அவர் குடையோடு வந்தார், அவர் கை கழுவினார், அவர் கோபித்துக்கொண்டார். எங்கே பார்த்தாலும் அவர்தான்; ஆணா பெண்ணா என்று ஒரு சொல் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வார்டில் தினமும் நடக்கும் கூத்து இது. நாடி பிடித்துக்கொண்டிருக்கும் பெண் டாக்டரிடமே, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்பார்கள்.

டிரைவர் தம்பியிடம் சொன்னேன். அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தைத் திருப்பி, கால் உடைந்தவன் வைத்தியரை ‘ஐயா’ என்று கூப்பிடுகிறானே, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிறகு அந்த வரியை முழுசாகப் படித்தேன். எலும்பை நேராக்கும்போது அவன் ‘ஐயா, அம்மா’ என்று முனகுகிறான்.

“தம்பி, இது கூப்பிடுறது இல்ல, வலி. பதினஞ்சு வருஷமா கேக்குறேன். ஐயாவும் வரும், அம்மாவும் வரும்.”

பஞ்சாயத்து டீச்சரிடம் போனது. பெண் என்றும் புத்தகத்தில் இல்லையே என்றார் அவர். நியாயம்தான். எழுதியவர் சொல்லாததை நாம் ஏன் வரைய வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அந்த ஞாயிறு தம்பி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் வைத்தியரின் முகத்தை மறைத்து ஒரு குடை இறங்கியிருந்தது. நனைந்த குடையும் அதைப் பிடித்த கையும் மட்டும். மயிர் மயிராக வரைந்த மீசையின் மேல் தம்பியே வண்ணம் பூசியிருந்தார். குடைக்கு அடியில் பக்க எண்ணையும் அவரே எழுதியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர்வாளர் வந்தார். நூல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் குடையின் முன் நின்றார். முகம் எங்கே என்று தம்பியைக் கேட்டார். பதில் தம்பிக்கு நன்றாகவே தெரியும். சொல்லியிருந்தால் மதிப்பெண்ணும் அவருக்குத்தான்.

“அக்காகிட்ட கேளுங்க. கண்டுபிடிச்சது அவங்க.”

நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. பாவி, இப்படி மாட்டிவிட்டானே என்று மனதுக்குள் திட்டினேன். திட்டின வேகத்தில்தான் வாய் திறந்தது. பதினோரு இடங்களையும் புரட்டிக் காட்டினேன். நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்து முனகலை முனகியே காட்டினேன். பக்கத்துக் குழு பதறித் திரும்பிப் பார்த்தது.

தேர்வாளர் தன் பையிலிருந்து பழைய பிரதியை எடுத்து, நான் சொன்ன பக்கங்களில் ஒவ்வொன்றாகப் பென்சிலால் கோடிட்டார்.

“இருபது வருஷமா இந்த வைத்தியர ஆம்பளன்னு நெனச்சே படிச்சிருக்கேன்,” என்றார்.

பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். பதினைந்து வருடமாக எல்லாப் படிவங்களிலும் ஆயா என்றுதான் எழுதி வந்திருக்கிறேன்.

“நர்சிங் படிக்கப் போறேன்.”

பாஸானால் என்று சேர்க்க மறந்துவிட்டேன். தேர்வாளரும் அதைச் சேர்க்கவில்லை. நர்சிங் வகுப்பு எந்த மாதம் தொடங்குகிறது என்று கேட்டுக்கொண்டே மதிப்பெண் தாளில் எழுதினார்.