பின் சீட்டில் முட்டி டாக்டர்

முட்டி டாக்டர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. மருத்துவமனையின் தரைத்தளத்தில், பிசியோதெரபி அறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவர். அறுவை சிகிச்சை முடிந்து மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் முட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. அதனால் நோயாளிகளே வைத்த பெயர் அது. பத்தொன்பது வயதில் வந்த ஒரு விஷக்காய்ச்சலில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. கை இருக்கிறது, வாய் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன் என்பார். வாய் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. முட்டியை மடக்கும்போது நோயாளியின் கவனம் வலியின் பக்கம் போகாமல் இருக்க ஓயாமல் கதை சொல்லிப் பழகியவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கதை நிற்காது.

அவரிடம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் முட்டிக்கு வந்துகொண்டிருந்தார். வாத்தியார் ஒரு சைக்கிள் குழுவில் இருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை அந்தக் குழு நகரத்திலிருந்து கடற்கரை வரை நூற்றுப் பத்து கிலோமீட்டர் போகும். விடியும்போது கிளம்பி பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிட வேண்டும். ஒருநாள் பேச்சுவாக்கில், தன் வீட்டில் இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது என்றார் வாத்தியார். மனைவியோடு ஜோடியாகப் போக ஆசைப்பட்டு வாங்கியது. அந்த அம்மா இரண்டாவது கிலோமீட்டரில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனவர்தான். அதற்குப் பிறகு அந்த வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

முட்டி டாக்டருக்கு அன்று வேலை ஓடவில்லை. கடைசியாகச் சைக்கிள் மிதித்தது பத்தொன்பது வயதில். அதற்கு மேல் தூக்கம் கெட்டு யோசிக்க அவசியமே இருக்கவில்லை. மறுநாளே வண்டியைக் கேட்டுவிட்டார்.

"தாராளமா எடுத்துக்குங்க. பின்னால உட்கார நீங்க இருக்கீங்க. முன்னால உட்காரத்தான் ஆள் வேணும்," என்றார் வாத்தியார். "ரோடு தெரிஞ்ச ஆளா, அவசரப்படாத ஆளா பாருங்க."

அப்படி ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். தங்கையின் கணவர். தங்கை குடும்பம் கீழ்வீட்டில், முட்டி டாக்டர் மாடியில். மாப்பிள்ளை நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருட சர்வீசில் ஒரு பயணிக்குக்கூட நகக்கீறல் பட்டதில்லை. ஒரே குறை, பேச மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று தொண்டையில் ஏதோ கோளாறு என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் சீட்டுக்குப் பின்னால் 'ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகையை மனுஷன் வீட்டிலும் மாட்டிவிட்டார் என்பாள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது முட்டி டாக்டர் விஷயத்தைச் சொன்னார். தங்கை கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, அண்ணனுக்கு நாற்பத்தி நாலு வயதில் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டாள். லாரி ஓடுகிற ரோட்டில் கண் தெரியாதவரும் வாய் பேசாதவரும் சேர்ந்து போகிற கூத்தைத் தான் பார்க்க வேண்டுமா என்றாள். மாப்பிள்ளை கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தார். எட்டு நாள் கழித்து மாடிப்படியில் எதிரே வந்தவர், ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, "சரி மச்சான்," என்றார். எதற்குச் சரி என்று புரிய முட்டி டாக்டருக்கு இரண்டு படி ஆயிற்று.

கடற்கரைப் பயணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. விடுமுறை நாட்களில் மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும், அங்கேதான் ஆரம்பித்தார்கள். அந்த வண்டியின் குணம் முதல் நாளே தெரிந்தது. இரண்டு ஜோடிப் பெடலும் ஒரே சங்கிலியில் கட்டுப்பட்டவை. முன்னால் இருப்பவர் மிதிப்பதை நிறுத்தினால் பின்னால் இருப்பவரின் காலும் சடக்கென்று நிற்கும். மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவார். முட்டி டாக்டரின் சொந்த முட்டி கழன்று வருகிற மாதிரி இருக்கும். ஆகவே வார்த்தைகள் முடிவாயின. பள்ளம், மேடு, வலது, இடது, கியர், நிறுத்துறேன். ஆறே ஆறு. முன்னால் இருப்பவர் இவற்றைச் சத்தமாக, முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆறு வார்த்தை மாப்பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கான பேச்சு. முதலில் காற்றோடு போனது. முட்டி டாக்டர் பின்னாலிருந்து, கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கத்திக்கொண்டே இருந்தார். நான்காவது வாரத்தில் வார்த்தை நன்றாகப் பழகிவிட்டது. எவ்வளவு பழகியது என்றால், ஒருநாள் பஸ் ஓட்டும்போது வேகத்தடை வருவதைப் பார்த்து மாப்பிள்ளை "மேடு" என்று குரல் கொடுத்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை வருடத்தில் டிரைவர் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்று கண்டக்டர் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்தார்.

ஐந்தாவது வாரம் நாற்பது கிலோமீட்டர் போகக் கிளம்பினார்கள். இருபத்தாறாவது கிலோமீட்டரில், ஒரு மரக்கடைக்கு முன்னால், வெள்ளை வர்ணம் அழிந்துபோன வேகத்தடை ஒன்று இருந்தது. வார்த்தை வரவில்லை. பின் சக்கரம் தூக்கி அடித்தது. முட்டி டாக்டர் பக்கவாட்டில் போய் விழுந்தார். முகவாயில் மூன்று தையல். வலது மணிக்கட்டில் சுளுக்கு, எலும்பில் மயிரிழை விரிசல். மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கைதான் அவருக்குச் சோறு போடுகிற உறுப்பு.

தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணனுக்குச் சோற்றைப் பிசைந்து ஸ்பூன் போட்டு வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை மூன்று நாள் மாடி ஏறவே இல்லை. நான்காவது நாள் கணக்கு வாத்தியார் போனில் கூப்பிட்டு, வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தது, கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோதுதான் முட்டி டாக்டருக்கு விஷயமே தெரிந்தது. மாப்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்.

விழுந்தபோது வராத கோபம் அப்போது வந்தது. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார். மாப்பிள்ளை சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்ற சத்தத்தை வைத்து இருக்கும் இடத்தைக் கண்டுகொண்டு, முட்டி டாக்டர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"விழுந்தது நான். எனக்கே பயம் வரல. என்னை ஒரு வார்த்தை கேட்காம எப்படி மாப்பிள்ளை திருப்பிக் கொடுத்தீங்க?"

மாப்பிள்ளை நறுக்கிய காயை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"அந்த மேட்டை நீங்க பார்க்கலையா? பார்க்கலைன்னா சொல்லுங்க, தப்பில்ல. யாருக்கும் நடக்கும்."

"பார்த்தேன்," என்றார் மாப்பிள்ளை. "நூறடிக்கு முன்னாடியே பார்த்தேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

மாப்பிள்ளை கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க பேசிட்டு இருந்தீங்க மச்சான்."

முட்டி டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. மரக்கடை வாசனை அடித்ததும், இடுப்பு ஒடிந்து வந்த ஒரு தச்சரின் கதையை ஆரம்பித்திருந்தார். நல்ல கதை. கடைசிக் கட்டத்தில் இருந்தார். மாப்பிள்ளை அது முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

"எனக்கு நடுவுல பேச வராது," என்றார் மாப்பிள்ளை. "இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் பேசிட்டேதான் இருப்பீங்க. முடியட்டும்னு இருப்பேன். முடியாது. அப்புறம் சொல்ல வேண்டியது மறந்துரும்."

அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அவள் பதினாறு வருடமாகக் குடும்பம் நடத்துகிற மனிதர் அவர். முட்டி டாக்டர் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். தான் விழுந்ததற்கு மற்றவர் வாயைக் குறை சொல்லிக்கொண்டு வந்தவர், தன் வாயை நினைத்து வெட்கப்பட்டார். அது அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத உணர்ச்சி.

"சக்கரம் உருளும்போது நான் பேச மாட்டேன்," என்றார் கடைசியில். "நின்ன பிறகுதான் பேசுவேன். போதுமா?"

"முடியுமா உங்களால?" என்று கேட்டது தங்கை.

"ஏத்தத்துல மட்டும் கொஞ்சம்..."

"வேண்டாம் மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

கட்டுப் பிரித்த மறுநாள் இருவரும் வாத்தியார் வீட்டுக்குப் போனார்கள். வாத்தியாரின் மனைவி அந்தச் சைக்கிளுக்கு அதற்குள் ஒரு பயன் கண்டுபிடித்திருந்தார். அதன்மேல் ஈரப் போர்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, நீங்களாவது கடைசிவரைக்கும் போங்கள் என்று வழியனுப்பினார்.

ஐந்து வாரம்தான் பாக்கி. முதல் சவாரியில் முட்டி டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் வந்தார். டீக்கடையில் நிறுத்தியதும் அடைத்து வைத்ததை எல்லாம் கொட்டினார், டீ ஆறிப்போனது. இரண்டாவது சவாரியும் அப்படியே. மூன்றாவதில்தான் அது நடந்தது. "பள்ளம்" என்று சொல்லிக் கடந்த பிறகு மாப்பிள்ளையின் குரல் நிற்கவில்லை.

"இடது பக்கம் ஒரு வீடு கட்டறாங்க. மூணாவது மாடி வந்தாச்சு. போன மாசம் ரெண்டுதான் இருந்துச்சு."

முட்டி டாக்டர் பதில் சொல்லக்கூடாதே என்று நாக்கை மடக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அடுத்தது வந்தது. ஒரு லாரியிலிருந்து கண்ணாடிப் பலகைகளை எட்டுப் பேர் இறக்குகிறார்கள், எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்றார். பிறகு ஒரு நாய் கதவில்லாத ஜீப்பில் முன் சீட்டில் கெத்தாக உட்கார்ந்து போகிறது என்றார். கூட இருப்பவர் பேசாமல் இருந்தால் மாப்பிள்ளைக்குப் பேச்சு வந்தது. இருபத்திரண்டு வருடம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் உள்ளே அடுக்கடுக்காக இருந்தது.

மற்ற வேலைகளும் நடந்தன. பஞ்சர் ஆனால் ட்யூப் மாற்றக் கற்க வேண்டியிருந்தது. கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். இதில் முட்டி டாக்டர் மன்னன். முள் இருக்கும் இடத்தை டயருக்குள் விரல்விட்டே கண்டுபிடித்துவிடுவார். மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு நிமிடம், அவருக்கு ஏழு. உட்காரும் இடம் புண்ணாகாமலிருக்க மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை வாங்கச் சொன்னார் வாத்தியார். அதைப் போட்டுக்கொண்டு இருவரும் வாத்து மாதிரி நடந்து வந்ததைப் பார்த்துத் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சவாரிக்கும் வாழைப்பழமும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரும் அவளே கட்டிக் கொடுத்தாள்.

கடைசிப் பயிற்சி எண்பது கிலோமீட்டர். மாப்பிள்ளை தினமும் பஸ்ஸைத் திருப்புகிற கடைசி நிறுத்தத்தைத் தாண்டிப் போனார்கள். தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ஒரு நாளைக்கு ஆறு தடவை இங்க வந்து திரும்பறேன்," என்றார். "ரோடு அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கும். எங்க போகுதுன்னு பார்க்கணும்னு இருந்துச்சு. அதான் சரின்னு சொன்னேன்."

வண்டி நின்றுதான் இருந்தது, பேசலாம். முட்டி டாக்டர் பேசவில்லை. மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்து, போகலாம் என்று ஒரு தட்டு தட்டினார்.

போகிற நாள் வந்தது. விடியலில் நாற்பத்தொரு சைக்கிள் சேர்ந்தன. இவர்கள் வண்டியின் நீளத்தைப் பார்த்து ஆளுக்கொரு கேலி செய்தார்கள். முதல் ஐம்பது கிலோமீட்டர் சுலபமாகப் போனது. எழுபத்திரண்டில் ஓர் ஏற்றம் வந்தது. பாதிப்பேர் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால்தான் ஏறும். ஒருவர் எழுந்து மற்றவர் எழாவிட்டால் வண்டி சாயும் என்பதால் அதை அவர்கள் முயன்று பார்த்ததே இல்லை.

"எழுந்திரிக்கலாமா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. "மூணு சொல்றேன்."

மூன்றுக்கு இருவரும் எழுந்தார்கள். வண்டி இப்படியும் அப்படியும் ஆடியது. தள்ளிக்கொண்டு போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டுக் கைதட்டினார்கள். முக்கால் ஏற்றம் வரை அப்படியே போய், கால் ஓய்ந்து இறங்கி, மிச்சத்தை எல்லோரையும் போலத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். முட்டி டாக்டருக்கு மூச்சு வாங்கியதில் சிரிப்பும் கலந்திருந்தது.

ஐந்தரை மணிக்குக் கடற்கரை சேர்ந்தபோது இவர்களுக்குப் பின்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள். சைக்கிள்களையும் ஆட்களையும் திரும்ப ஏற்றிப் போக வேன்கள் நின்றுகொண்டிருந்தன. வாத்தியார் பெயர்ப்பட்டியலில் டிக் அடித்துவிட்டு, ஏழு மணிக்கு வேன் கிளம்பும் என்றார். மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்ததும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. முட்டி டாக்டர் அந்தக் காலைத் தன் மடியில் தூக்கிவைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டார். பக்கத்தில் அலை புரண்டு விழுகிற சத்தத்தில் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"இந்தக் காலோட நாளைக்கு எப்படி பஸ் ஓட்டுவீங்க?"

"லீவு போட்டிருக்கேன்."

"நல்லது. ஒரு நாளா?"

"மூணு நாள்."

முட்டி டாக்டர் நிமிர்ந்தார். "மூணு நாள் எதுக்கு?"

"திரும்பிப் போறப்பவும் சைக்கிள்லயே போலாம்னு. பாதியில தங்கிட்டு, நிதானமா," என்றார் மாப்பிள்ளை. பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "உங்களுக்கு முடியலன்னா வேன்லயே ஏறிடலாம் மச்சான். கட்டாயம் இல்ல."

முட்டி டாக்டருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. உள்ளங்கை இரண்டும் எரிந்தன. மறுநாள் காலை பதினொரு மணிக்கு மருத்துவமனையில் ஒரு முட்டி காத்துக்கொண்டிருக்கும். அதைத் தன் உதவியாளரிடம் ஒப்படைக்க ஒரு போன் போட்டால் ஆயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டே, "அந்தக் காலை இப்படி நீட்டுங்க பார்ப்போம்," என்றார்.