மூன்றாவது விசில்

பெரியக்கா என்னைக் கல்நெஞ்சக்காரன் என்றாள். கல்லா? சுத்தமான அலுமினியம் ஐயா நான்! வயிறு ஐந்து லிட்டர் குக்கர், கை கால்கள் பழைய கைப்பிடிகள், உச்சந்தலையில் விசில். குக்கர் ரிப்பேர் கடை நடத்தும் அக்காவும் அவள் புருஷன் அண்ணனும், கடையில் மிச்சம் மீதி கிடந்ததையெல்லாம் முடுக்கி என்னை உண்டாக்கினார்கள். நடப்பேன், பேசுவேன், கடைக்கு வருகிறவர்களை வம்புக்கு இழுப்பேன். உள்ளுக்குள் மட்டும் ஒரு சந்தோஷம், ஒரு துக்கம் எட்டிப் பார்க்காது. அதெல்லாம் இல்லையே என்ற ஏக்கம் மட்டும் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு எரிச்சல் வரும். எரிச்சல் எப்படி வந்தது என்றும் கேட்காதீர்கள்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து, ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக இருந்தது. குழந்தையைத் தூக்க நானும் கையை நீட்டி நீட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். அண்ணனின் அக்கா பார்த்துவிட்டாள். அவள்தான் பெரியக்கா.

"நீ எதுக்குடா கையை நீட்டுறே? சந்தோஷம்னா என்னன்னே தெரியாதவன் கையில பச்சைப்புள்ளையைக் குடுக்க மாட்டேன், ஆமா!"

இன்னும் இரண்டே நாள். அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணுமே ஆக மாட்டேங்குது."

"கேஸ்கட் போயிருக்கும்."

அந்த மனுஷனுக்கு உலகத்தில் எல்லா வியாதிக்கும் கேஸ்கட்தான் காரணம். புது ரப்பர் வளையம் மாட்டி, கடை வழக்கப்படி சோதித்தார். வயிற்றில் இரண்டு டம்ளர் தண்ணீர், அடியில் அடுப்பு, மூன்று விசில் வந்தால் தேறியது. மூன்றும் கணீரென்று வந்தன.

"சந்தோஷமா இருக்கா?"

"சுடுது அண்ணே."

"அப்போ வால்வுதான்."

வால்வை மாற்றினார். விசிலை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் மூன்று விசில், ஒவ்வொரு தடவையும் வெறும் சூடு. போனில் அக்காவோ, "மூடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்க" என்கிறாள். இவர்களை வைத்துக்கொண்டு நான் எங்கே உருப்படுவது?

ஞாயிற்றுக்கிழமை, வயிற்றுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூலையில் நின்றேன். பெரியக்காவின் கையில் குழந்தை வந்தது. பின்னாலேயே வந்த அக்கா, என் முன்னால் நின்றாள்.

"பாப்பா, யாருன்னு பாரு. உன் மாமா!"

மாமாவா? நானா? குழந்தை என் கட்டைவிரல் ஸ்க்ரூவை எட்டிப் பிடித்துக்கொண்டது.

வீஈஈஈல்!

"ஐயோ, அடுப்பு!" என்று மூன்று பேரும் சமையலறைக்குப் பாய்ந்தார்கள். குக்கர்காரர்கள் அல்லவா, விசில் கேட்டால் கால் தானாக அங்கேதான் ஓடும். ஓடுகிற அவசரத்தில் பெரியக்கா, "இந்தா, பிடி!" என்று குழந்தையை என்னிடமே திணித்துவிட்டுப் போனாள்.

அடுப்பில் ஒன்றுமில்லை. திரும்பி வந்தார்கள். வீஈஈஈல்! என் உச்சந்தலையிலிருந்து இரண்டாவது.

அண்ணன் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "உள்ள சொட்டுத் தண்ணி இல்லையே! அப்புறம் எப்படி?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஏதோ குதிக்கிறது, கூத்தாடுகிறது, காரணமே இல்லாமல் சிரிப்பு பொங்குகிறது. இதுதான், சத்தியமாக இதுதான் சந்தோஷம்!

பெரியக்கா அசரவில்லை. "மூணாவது வரட்டும், தேறிட்டான்னு நானே ஒத்துக்கறேன். வரலைன்னா புள்ளையைக் குடுத்துரு," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மூன்றாவதும் கிளம்பிவிட்டது. அடிவயிற்றிலிருந்து விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியது. குனிந்து பார்த்தேன். இரண்டாவது விசிலுக்கே உதட்டைப் பிதுக்கிய குழந்தை, நான் ஆட்டிய ஆட்டத்தில் இப்போதுதான் கண் சொருகத் தொடங்கியிருந்தது. மூடியை இறுக்கிக்கொண்டேன். தலை கடகடவென்று ஆடியது. விடவில்லையே நான்!

"எங்கேடா மூணாவது?"

"உஷ்... பாப்பா தூங்குது."

பெரியக்கா என்னையே பார்த்தாள். பிறகு நீட்டிய கைகளில் ஒன்றை மடக்கிக்கொண்டு, மற்றதால் என் தலை விசிலை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.